கீழ் ஃபிளாட்டில் சிகரெட், மேல் ஃபிளாட்டில் இருமல்: வாடகை வீட்டுக்குள் புகைக்க யார் தடை போடுவது?

இரவு 11 மணி. சிகரெட் பற்ற வைப்பவர் இரண்டாவது மாடியில் இருக்கிறார். இருமல் வருவதோ மூன்றாவது மாடிக் குழந்தைக்கு. பாத்ரூம் டக்ட், ஜன்னல், கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை என எது கிடைத்தாலும் புகை மேலே ஏறிவிடும். போய்க் கேட்டால், "என் வீட்டுக்குள்ள நான் பிடிக்கிறேன், உங்களுக்கு என்ன சார்?" என்று பதில் வரும். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பலமுறை ஓடித் தீராத சண்டை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பொது இடங்களில் புகைபிடிக்க 2003-ம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் தடை விதிக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் விதிகள் இன்னும் கடுமையாகின. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால், மருத்துவமனை, ஓட்டல், அலுவலகம், மால் என நீளும் பட்டியலில் ஒருவர் குடியிருக்கும் வீடு கிடையாது. அதாவது, ஆபீஸில் கிடைக்கும் பாதுகாப்பு சொந்த பெட்ரூமில் கிடைக்காது.

'ஜன்னலைச் சாத்திக்கோங்க' என்பது தீர்வாகுமா? ஆகாது. பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று இல்லை என அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை சொல்லிவிட்டது. காற்றோட்ட வசதி, காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி எதுவும் இதை முழுதாகத் தடுக்காது என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. கட்டடத்துக்குள் யாரும் புகைக்காமல் இருப்பது மட்டுமே வழி.

அமெரிக்கா என்ன செய்தது?

அங்கே அரசு வாடகைக்கு விடும் குடியிருப்புகளுக்கு 2016 இறுதியில் ஒரு விதி வந்தது. வீட்டுக்குள், வராண்டாவில், கட்டடத்திலிருந்து 25 அடிக்குள் சிகரெட், சுருட்டு, ஹுக்கா எதுவும் கூடாது. 2018 ஜூலை இறுதிக்குள் அமல்படுத்த வேண்டும் என்று கெடு. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இதில் அடங்கின. மருத்துவச் செலவு, வீட்டைப் புதுப்பிக்கும் செலவு, தீ விபத்து இழப்பு என எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15.3 கோடி டாலர் மிச்சமாகும் என்று அரசு கணக்குப் போட்டது. புகைக்கறை படிந்த சுவருக்கு எத்தனை கோட் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது வீட்டு ஓனர்களுக்குத் தெரியாததா என்ன!

சரி, புகை குறைந்ததா? இங்கேதான் ட்விஸ்ட். நியூயார்க் நகரின் அரசுக் குடியிருப்புகளில் ஆய்வாளர்கள் காற்றில் உள்ள நிகோட்டினை அளந்து பார்த்தார்கள். தடை வந்து ஓராண்டு ஆன பிறகும், தடை இல்லாத கட்டடங்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. நோட்டீஸ் ஒட்டுவது எளிது, பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதை யார் பார்ப்பது? பத்தாவது மாடியில் இருக்கும், முழங்கால் வலியுள்ள ஒரு முதியவர் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் லிஃப்டில் இறங்கி 25 அடி நடப்பாரா என்ற கேள்வியும் இருக்கிறது. பிடிபட்டால் வீடே போய்விடுமோ என்ற பயம் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் தரவும் தயங்குவார். அதனால்தான் முதலில் எச்சரிக்கை, புகையை நிறுத்த உதவி, வெளியேற்றுவது கடைசி கட்டமாக மட்டும் என்று அங்குள்ள வீட்டுவசதித் துறையே அறிவுறுத்துகிறது.

நம்ம ஊரில் என்ன வழி?

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தமே போதும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்துபூர்வ ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, நான்-வெஜ் சமைக்கக் கூடாது என்றெல்லாம் கண்டிஷன் போடும் ஓனர்கள், சிகரெட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

எழுதினால் தெளிவாக எழுத வேண்டும். பால்கனியும் மொட்டை மாடியும் சேருமா? வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கும் பொருந்துமா? மீறினால் எத்தனை எச்சரிக்கை? ஏற்கெனவே குடியிருப்பவர் மீது பாதியில் திணிக்க முடியாது, அவர் சம்மதிக்க வேண்டும் அல்லது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது சேர்க்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம்தான் இங்கே வழக்கம் என்பதால் அந்த வாய்ப்பு சீக்கிரமே வரும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ஒப்பந்தம் கட்டுப்படுத்துவது கையெழுத்துப் போட்ட இருவரை மட்டும்தான். மூன்றாவது மாடிக்காரர் அதைக் காட்டி இரண்டாவது மாடிக்காரரிடம் நேரடியாகக் கேட்க முடியாது, ஓனர்தான் கேட்க வேண்டும். அந்த ஓனர் துபாயில் இருந்து, மாதம் முதல் தேதி ஜிபே மெசேஜை மட்டும் பார்ப்பவராக இருந்தால், இருமல் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும்? குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, எல்லா ஓனர்களும் ஒரே வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது என்று தீர்மானம் போட்டால், அடுத்து வாடகைக்கு வருபவரிடம் சாவி கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.