வாக்காளரை முந்தும் அச்சம்

தன்பாலீர்ப்பாளரான பீட் புட்டிஜெஜைத் துணை அதிபர் வேட்பாளராக்குவது பெரும் ஆபத்து எனக் கருதியே 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் அவரைத் தவிர்த்ததாக, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த கமலா ஹாரிஸ் தமது நூலில் எழுதியிருப்பது கவலைக்குரியது. கறுப்பினப் பெண்ணான தமக்கே எதிர்ப்பு இருந்த நிலையில் அவர் போட்ட கணக்கு புரியாததல்ல. 2020-இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலில், போட்டியிட்ட புட்டிஜெஜ் ஓர் ஆணை மணந்தவர் என அறிந்ததும், தாம் எழுதிக் கொடுத்த ஆதரவுச் சீட்டைத் திருப்பிக் கேட்ட பெண்மணியை நாடே பார்த்தது. ஆயினும் அதே அயோவா புட்டிஜெஜுக்கே அதிகக் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தந்தது. தகுதியுள்ள தன்பாலீர்ப்பாளரை அதிபராக்க வாக்களிப்போம் என்று கேலப் கருத்துக்கணிப்பில் 1978-இல் சொன்னோர் 26%, 2019-இல் 76%. ஏற்பதும் மறுப்பதும் வாக்காளரின் உரிமை. அவர்கள் பெயரால் கட்சிகள் முன்கூட்டியே கதவடைப்பது ஜனநாயகமல்ல. தகுதி ஒன்றே அளவுகோலாக வேண்டும்.