சாதுவான பாம்பு எது?

(பதினோராம் வகுப்பு மாணவியின் கருத்துரை)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படையே நடுங்கும் ஓர் உயிரைப் பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் அறையில் வைத்து வளர்க்கலாமா? வளர்ப்பதானால் முதன்முதலில் எந்தப் பாம்பை வளர்ப்பது? அன்புத் தோழியரே, முகம் சுளிக்காதீர்கள்! இக்கேள்விகள் என் கற்பனையில் உதித்தவை அல்ல. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் என் சித்தியின் மகள் கேட்டவை.

அவளுக்கு வயது பதின்மூன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்த நாள் பரிசாக ஒரு பாம்பைக் கேட்டு வாங்கினாள். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ‘பால் பைதான்’ என்னும் சிறிய மலைப்பாம்பு அது. விஷமற்றது. கையில் எடுத்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும், அசையாது, சீறாது. “இதைப்போல் சாதுவான பாம்பு வேறில்லை” என்றார் கடைக்காரர். அது காட்டில் பிடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வாரந்தோறும் எலி வைத்தார்கள். வைத்த எலியை அப்படியே திரும்ப எடுத்தார்கள். ஐந்தாம் மாதம் பாம்பு இறந்துவிட்டது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு என் தங்கை தேம்பித் தேம்பி அழுதாளாம். “இனி இந்த வீட்டில் பாம்பு என்ற பேச்சே கூடாது” என்று சித்தப்பா தீர்ப்பளித்தார்.

இப்போது அவள் மறுபடியும் கேட்கிறாள். “அக்கா, அப்பாவிடம் எனக்காக நீங்கள்தான் பேச வேண்டும்” என்று தொலைபேசியில் மன்றாடினாள். நானும் சிந்தித்தேன், பல நூல்களைப் புரட்டினேன். என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாம்பு பந்துபோல் சுருண்டது ஏன்? அஞ்சியதால்! பகைவரைக் கண்டால் தலையை உடற்சுருளுக்குள் மறைத்துக்கொள்வது அந்த இனத்தின் தற்காப்பு. அதன் அச்சத்தைக் கண்டு நாம் ‘சாது’ என்று பெயர் சூட்டிவிட்டோம். அசையாமல் இருப்பதெல்லாம் அமைதி ஆகிவிடுமா? வகுப்பில் வாய் திறவாத பெண்ணை ‘நல்ல பெண்’ என்று பாராட்டுகிறோம். அவள் உள்ளத்தில் இருப்பது அடக்கமா, அச்சமா என்று யாரும் கேட்பதில்லை. பாம்புக்கும் அதே கதிதான்.

மனிதரிடத்தில் பிறந்து, நன்றாக இரை எடுக்கும் பால் பைதான்களும் உண்டு. அவற்றைப் பலர் சிறப்பாக வளர்க்கிறார்கள். ஆனால் நலமாக உள்ளபோதே சில மாதங்கள் உண்ணாமல் இருந்துவிடுவது அந்த இனத்தின் வழக்கம். அது நோயா, இயல்பா என்று புதியவர் எப்படி அறிவார்? ஆகவே முதல் பாம்பாக அது வேண்டாம் என்பேன்.

என் தேர்வு, தென்கிழக்கு அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் சோளப் பாம்பு. விஷமில்லாதது. வளர்ந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்தடி நீளம். குட்டியாக இருக்கையில் பென்சில் பருமன்தான். அப்போது பயந்து கொத்தவும் செய்யும். பொறுமையுடன் சிறிது சிறிது நேரமாகக் கையில் எடுத்துப் பழக்கினால், விரலுக்கு விரல் நிதானமாக ஊர்ந்து செல்லும். அது அசைகிறது, ஆனால் அஞ்சவில்லை. இதுவன்றோ உண்மையான சாது!

அதிலும் மூன்றைப் பார்த்து வாங்க வேண்டும். முதலாவது, அது காட்டில் பிடித்ததாக இருக்கக் கூடாது. வளர்ப்பவரிடத்தில் முட்டையிலிருந்து வெளிவந்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது, உறையவைத்துப் பின் இளக்கிய எலியைப் பலமுறை உண்டு பழகியிருக்க வேண்டும். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்திவிடும். மூன்றாவது, அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டும். ஜார்ஜியாவில் சோளப் பாம்பை வளர்க்கக் கூடாது; ஹவாயிலோ எந்தப் பாம்புக்கும் இடமில்லை.

பராமரிப்பும் கடினமன்று, ஆனால் தவறக் கூடாது. சோளப் பாம்பு தப்பி ஓடுவதில் கெட்டிக்காரி. ஆகவே பெட்டியின் மூடிக்குப் பூட்டு அவசியம். பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 24 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் தேவை. இரை உண்டபின் இரண்டு நாள் அதைத் தொடக் கூடாது. தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் ‘சால்மோனெல்லா’ கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சோளப் பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. இன்று பதின்மூன்று வயதுள்ள என் தங்கைக்கு அன்று முப்பத்து மூன்று! கல்லூரிக்குச் செல்லும்போது யார் இரை வைப்பார்கள்? இக்கேள்விக்கு விடை காணாதவர்கள் செய்த தீங்கை ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் இன்றும் காணலாம். வளர்க்க இயலாமல் விடப்பட்டும் தப்பியோடியும் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகி, முயலையும் பிற சிறு விலங்குகளையும் விழுங்கித் தீர்க்கின்றன. 2012-இல் அவற்றின் இறக்குமதியையே அமெரிக்க அரசு தடைசெய்தது.

“நாய் வாலாட்டும், கிளி பேசும், பாம்பு நம்மை நேசிக்குமா?” என்று என் அம்மா கேட்டார்கள். நேசிக்காது. நம்மைப் பழகிக்கொள்ளும், அவ்வளவே. ஆனால் கைம்மாறு கருதாமல் ஓர் உயிரைப் பேணுவது சிறு வயதிலேயே கற்க வேண்டிய பாடம் அல்லவா?

இதைப் படித்துவிட்டு நம் ஊர்த் தோழியர் யாரும் கொல்லைப்புறத்துச் சாரையைப் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்! நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசையுள்ளவர்கள் சென்னை கிண்டிப் பாம்புப் பண்ணைக்குச் சென்று கண்ணாரக் கண்டு வரலாம்.

சித்தப்பாவுக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பெட்டியை மட்டும் வாங்கித் தந்திருக்கிறார். காலையும் மாலையும் அந்தக் காலிப் பெட்டியின் வெப்பநிலையை என் தங்கை மூன்று வாரமாக நோட்டில் குறித்து வருகிறாள். ஒருநாளும் தவறவில்லையாம்.

சாதுவான பாம்பைத் தேடுமுன், பொறுமையுள்ள வளர்ப்பாளராக நாம் மாற வேண்டும். அவள் மாறிவிட்டாள் என்றே நான் நம்புகிறேன். சித்தப்பா அவர்களே, இன்னும் ஒருமுறை அவளை நம்பலாமே!