‘மண்டையில் ஏறாது’ என்னும் சாக்கு

முதியோர் கல்வி மையம் ஒன்றில் ஆள் குறையத் தொடங்கினால், அதற்கான காரணம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. “வயசாயிடுச்சு, இனிமே எங்க ஏறப்போகுது?” “அவங்களுக்கு ஆர்வமே இல்லீங்க.” இதன்மேல் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று முத்திரை குத்திவிட்டால் விசாரணை முடிந்தது. சொல்பவர் தன்னார்வலர், கேட்டுக்கொள்பவர் மேற்பார்வையாளர். இருவருமே நல்லவர்கள்தான். வராமல் நின்றுபோனவரின் வீட்டுக்குப் போய் ஏன் என்று இருவருமே கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

பழமொழியின் கதையை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1928-லேயே பெரியவர்களின் கற்றல் பற்றித் தனி நூல் வெளியிட்டார். நடுவயதிலும் கற்கும் திறன் மிகக் கொஞ்சமே குறைகிறது என்பது அவருடைய முடிவு. கேரளத்தில் 2018-ல், 96 வயதில், கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 எடுத்தார். பத்திரிகைகள் அதிசயம் என்று கொண்டாடின. அந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அவர் ஒருவரை அதிசயம் ஆக்கிவிட்டால், மற்ற பாட்டிகளெல்லாம் ஏறாத மண்டைகள் என்பது சொல்லாமலே உறுதியாகிவிடுகிறது.

உண்மையில் வகுப்பில் என்ன நடக்கிறது? நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் கிட்டத்தில் இருப்பது மங்கத் தொடங்கும். வெள்ளெழுத்து. படித்தவர் உடனே கண்ணாடிக் கடைக்குப் போகிறார். எழுத்தோடு பழக்கமே இல்லாதவருக்கு அப்படி ஒன்று வந்திருப்பதே தெரிவதில்லை; ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதோடு சரி. அவரை இரவு ஏழரை மணிக்கு, காட்டு வேலையும் சமையலும் முடிந்த உடம்போடு, ஒற்றை பல்பின் கீழே உட்கார வைக்கிறோம். மூன்று சுழி ண-வுக்கும் இரண்டு சுழி ன-வுக்கும் வித்தியாசம் காட்டுகிறோம். அவர் விழிக்கிறார். மகள் வயதுப் பெண்ணிடம், பக்கத்து வீட்டுக்காரி முன்னால், கண்ணு சரியில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறார். மறுவாரம் வருவதில்லை. மூளைக்கு வயதாகிவிட்டது என்று பதிவேடு சொல்கிறது. அன்று எழுத்தைக் கரும்பலகையில் கையகலத்துக்கு எழுதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இது ஒரு காரணம் மட்டுமே. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவுக்குள் யார் தயங்காமல் வருவார், யார் வரமாட்டார் என்பது இன்னொன்று. நடவுக் காலத்தில் வகுப்பு நேரத்தை மாற்றினோமா என்பது மற்றொன்று. எல்லாவற்றையும்விடக் கசப்பானது, நாம் பேசும் விதம். தன்னார்வலருக்குத் தெரிந்த ஒரே வகுப்பறை, அவர் படித்த ஆரம்பப் பள்ளி. அங்கே வாங்கிய “எத்தனை தடவை சொல்றது?” அவரை அறியாமலே ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணியின் மேல் போய் விழுகிறது. அந்தப் பெண்மணி பேரன் பேத்தி எடுத்தவர், சுயஉதவிக் குழுவின் கணக்கை மனக்கணக்காகவே தீர்ப்பவர். அவர் எழுந்து போவது ஆர்வம் இல்லாமலா?

முதியோர் கல்வியில் நீண்ட காலம் உழைத்த ஸ்டீபன் புரூக்ஃபீல்டு, ஆசிரியர் இப்படித் தன்னையே திரும்பிப் பார்ப்பதைப் பற்றி 1995-ல் எழுதினார். ஆசிரியர் தன் வேலையை நான்கு கோணங்களில் பார்க்க வேண்டும் என்றார்: தான் மாணவராக இருந்த அனுபவம், கற்பவரின் கண், சக ஆசிரியரின் கண், படித்த நூல்கள். அவர் பழக்கிய முறையில், கற்பவர்கள் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதித் தருவார்கள்: எப்போது ஒன்றிப்போனேன், எப்போது விலகிப்போனேன், எது குழப்பியது. நம் மையத்தில் இது அப்படியே நடக்காது. எழுதத் தெரியாதவர் பெயர் போடாமல் எழுதித் தர முடியாது. நேரில் கேட்டால் “நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க டீச்சர்” என்பார்கள். நம் ஊர் மரியாதை அது. அதை நம்பிவிடும் ஆசிரியர்தான் ஏமாளி.

இங்கே யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்கு ஒரு தடை வந்தது: பெண்கள் தனியாக ஊர்விட்டு ஊர் போக முடியவில்லை. பெண்களுக்கு அக்கறை இல்லை என்று யாரும் கையைக் கழுவவில்லை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையே எழுத்தறிவு வேலையின் பகுதியாக்கினார். பல்லாயிரம் பெண்கள் மிதித்தார்கள். ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ அறிவொளி இயக்க அனுபவங்களைப் பேசும் நூல். தன்னார்வலர்களுக்கான பயிற்சியில் அதை ஏன் வாசிக்கக் கொடுப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

சம்பளமே இல்லாத தன்னார்வலரிடம் இப்படித் திரும்பிப் பார்க்கவும் சொல்வதா என்பார்கள். நியாயமான கேள்விதான். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களின் தோளில்தான் நிற்கிறது. ஆனால் அவர்களைச் சோர்வடைய வைப்பது யோசிப்பது அல்ல, எண்ணிக்கை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 150 மதிப்பெண் தேர்வுக்கு வந்தார்கள் என்று கேட்டுக் கேட்டே அவர்களைப் பதிவேட்டு எழுத்தர்களாக ஆக்கிவிட்டோம். தயவுசெய்து இதற்கும் ஒரு படிவம் அச்சடித்துவிடாதீர்கள். அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க கிரகாம் கிப்ஸ் 1988-ல் வகுத்த ஆறு படிச் சுழற்சி நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். அதைக் கட்டம் கட்டமாக நிரப்பச் சொன்னால், கேட்பவருக்குப் பிடித்த பதிலைத்தான் யாரும் எழுதுவார்கள்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு முன், நின்றுபோனவர்களில் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு யாராவது போகட்டும். பாடம் எடுத்தவரே போக வேண்டாம், அவரிடம் உண்மை வராது. பக்கத்து ஊர்த் தன்னார்வலர் போகலாம், பதிலுக்கு இவர் அங்கே போகலாம். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, டீக்கடையில் இருவரும் மாற்றிச் சொல்லிக்கொள்ளட்டும். ‘ஆர்வம் இல்லை’ என்று பதிவேட்டில் எழுதுவதானால் அதற்குப் பிறகு எழுதட்டும்.