படிக்காமல் வைக்கும் கைநாட்டு



நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் பாடுபட்ட காலத்தில், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தவர் பலர். இன்று ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. பிள்ளையை டியூஷன் மையத்திலோ தனியார் பாலர் பள்ளியிலோ சேர்க்க, இணையத்தளத்தில் படிவம் நிரப்புகிறோம். அதன் அடியில் ‘தனியுரிமைக் கொள்கையை ஏற்கிறேன்’ என்றொரு கட்டம். படித்துவிட்டா அதை அழுத்துகிறோம்? கைநாட்டு மறையவில்லை, கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது என்பதே என் கருத்து.

அப்படி எதைக் கொடுத்துவிடுகிறோம்? பிள்ளையின் அடையாள எண்ணையே எடுத்துக்கொள்வோம். 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த நாள். அடுத்த 2 பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். முகவரியும் பள்ளியின் பெயரும் அதனுடன் சேர்ந்தால், முன்பின் அறியாதவனும் நம் பிள்ளையை அறிந்தவன்போல் பேசலாம். 2017-இல் மலேசியாவில் 4 கோடியே 60 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்ததை மறந்துவிட முடியுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. வணிகத்திற்காக விவரம் திரட்டுவோர், எந்த விவரம், எதற்காக, யாரிடம் பகிரப்படும், கொடுப்பது கட்டாயமா விருப்பமா, பார்வையிடவும் திருத்தவும் யாரை அணுகுவது என்பனவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். 2025 ஏப்ரல் முதல், சட்டத்தின் கோட்பாடுகளை மீறுவோருக்கு அபராதம் 10 இலட்சம் ரிங்கிட் வரை.

அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழை அது கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை! தமிழ்ப் பிள்ளைகளை நம்பித் தொழில் நடத்துவோர், விளம்பரத்தை மட்டும் அழகு தமிழில் வெளியிட்டால் போதுமா? கொள்கையையோ சிலர் வேறொரு நிறுவனத்திடமிருந்து படியெடுத்துப் பெயரை மாற்றி ஒட்டிவிடுகின்றனர். பக்கத்து மேசைக் கட்டுரையைப் படியெடுத்த மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவோமா?

சட்டச் சொற்களைத் தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டச் சொல்லே வேண்டியதில்லை. ‘தங்கள் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெறுகிறோம். வகுப்பு, கட்டணம் தொடர்பாக மட்டுமே பயன்படுத்துவோம். தங்கள் அனுமதியின்றிப் பிள்ளையின் படத்தை முகநூலில் வெளியிட மாட்டோம். பிள்ளை விலகியபின், கணக்கிற்குத் தேவையானவை தவிர ஏனையவற்றை அழித்துவிடுவோம்.’ இவ்வளவு எளிமையாக எழுதலாம். செய்ய இயலாததை எழுதாதிருப்பதும், எழுதியதைச் செய்வதும் முகாமையானவை.

ஆசிரியர்களே, நம் வட்டாரத் தொழில்முனைவோருக்கு இதனைத் தமிழில் எழுதித் தர நம்மால் இயலும். பெற்றோர்களே, படிவம் நிரப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைத் தமிழில் தருவீர்களா?” கட்டணம் கட்டும் நமக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லையா?