அலாய் வீல் ஆசையும் அருணாச்சல் ரோடும்

தேஸ்பூருக்கு மாற்றலாகி வந்து புது எஸ்யூவி எடுத்த அன்று, குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான் போட்ட முதல் போட்டோ வண்டியின் முகம் இல்லை. முன்பக்கச் சக்கரம். பளபளவென்று 18 இஞ்ச் அலாய் வீல். கும்பகோணத்திலிருந்து சித்தப்பா பையன் "அண்ணே, வீலு செம" என்றான். மச்சினர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ரெண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

அந்த வண்டி இன்றைக்கு வரை தமிழ்நாட்டு மண்ணை மிதித்ததில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் யார் ஓட்டுவது? லீவுக்கு ஊருக்குப் போவதெல்லாம் ரயிலிலோ விமானத்திலோதான். ஆனால் ஷோரூமில் உட்கார்ந்திருந்தபோது என் மனக்கண்ணில் ஓடியது என்னவோ, கும்பகோணத்தில் எங்கள் தெருவில், கோலம் போட்ட வாசலுக்கு முன்னால் அது நிற்கும் காட்சிதான். வெளிமாநிலத்தில் பிழைக்கிற நம்மில் பல பேர் இப்படித்தான் வண்டி வாங்குகிறோம் என்பது என் கட்சி. மனசில் ஊர் ரோடு. ஓட்டுவது வேறு ரோட்டில்.

நான் பி.காம். படித்தவன், என்ஜினீயர் இல்லை. அதனால் முதலில் எனக்குத் தெரிந்த கணக்கு. என் வண்டியில் கீழ் வேரியன்டுக்கு 17 இஞ்ச் ரிம், டாப் வேரியன்டுக்கு 18. விலை வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். கூடவே கண்ணாடிக் கூரை, பெரிய திரை, இன்னும் நாலு சமாச்சாரம் வரும் என்பது உண்மைதான். அந்த ஒன்றரை லட்சத்தைக் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டியில் 84 மாதம் கட்டினால் மாதம் 2,413 ரூபாய். ஏழு வருட முடிவில் 2 லட்சத்து 2 ஆயிரத்துச் சொச்சம். தினமும் நாலு பேருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிற ஆசாமி, தன் முறை வந்தபோது கால்குலேட்டரைத் தொடவே இல்லை. ஹி ஹி.

இப்போது டயர் பக்கத்தில் எழுதியிருக்கிற ஜாதகத்தைப் பார்ப்போம். என்னுடையது 235/60 R18. 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. R என்றால் ரேடியல். 18 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஒரே எண்ணில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றையும் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ! 235-ல் 60 சதவீதம் 141. ஆக, என் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் 141 மில்லிமீட்டர். கீழ் வேரியன்டின் டயர் 235/65 R17. அதில் பக்கச்சுவர் சுமார் 153. மொத்தச் சக்கரத்தின் விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே: 739, 737. ரெண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். வண்டியின் உயரமும் மாறாது, ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது. மாறுவது ஒன்றுதான். 18-ல் உலோகம் ஜாஸ்தி, ரப்பர் கம்மி.

12 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் கேட்டிருப்பேன், 2023 டிசம்பர் வரை.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்குப் பள்ளி விடுமுறை. திராங் போய் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். தேஸ்பூரிலிருந்து பாலிபாரா, பாலுக்போங் கேட்டில் பெர்மிட்டைக் காட்டிவிட்டு, டெங்கா, பொம்டிலா வழியாகத் திராங். அந்த வருடம் செப்டம்பரில்தான் நெச்சிபூ சுரங்கப்பாதை திறந்திருந்தார்கள். பனிமூட்டத்துக்குப் பேர்போன அந்தக் கணவாயை ஏறாமலே தாண்டிவிடலாம் என்று எனக்கு ஏக உற்சாகம். ரோடு பல இடங்களில் அருமை. அந்த அருமைதான் ஆபத்து. நல்ல தாரில் அறுபதில் போய்க்கொண்டிருப்போம், ஒரு வளைவு திரும்பினால் மலை சரிந்து தார் போய், உடைத்த கல்லும் சேறுமாய்க் கிடக்கும்.

டெங்காவுக்கு முன்னால் அப்படி ஒரு வளைவில் இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் 'டங்'கென்று மோதியது. உலோகம் மோதுகிற சத்தம். இறங்கிப் பார்த்தால் பக்கச்சுவரில் ரெண்டு விரல் நீளத்துக்கு வெட்டு. வேகமாகப் போனது என் தப்பும்தான், மறுக்கவில்லை. ஸ்டெப்னியை மாட்டினேன். (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி என்ற தெருவில் தொடங்கிய கம்பெனியின் பெயர். அங்கே மறந்துவிட்டார்கள், நம் பஞ்சர் கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.) பல டாப் வேரியன்டுகளில் நடக்கிற விஷயம்தான் எனக்கும்: நாலு சக்கரம் 18 இஞ்ச் அலாய், ஸ்டெப்னி மட்டும் 17 இஞ்ச் ஸ்டீல். 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர் வேறு.

பொம்டிலாவில் டயர் தேடினோம். 15 இஞ்ச், 16 இஞ்ச் அடுக்கி வைத்திருந்தார்கள். 18 இல்லை. ஒரு கடைக்காரர், வெட்டுப்பட்ட இடத்தில் உள்பக்கமாகப் பழைய டயர்த் துண்டு வைத்து, டியூப் போட்டு ஓட்டலாம் என்றார். ஆனால் 18 இஞ்சுக்கு டியூப் அவரிடம் கிடையாது. சரி, இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே என்று கிளம்பினேன். அங்கே டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இறக்கத்தில் பாதி தூரம் போயிருப்போம், வலது பின்சக்கரம் போயிற்று. இந்தத் தடவை கூர்மையான கல். அதே மாதிரி பக்கச்சுவரில்.

செல்போனில் சிக்னல் இல்லை. வெளியே விரல் விறைக்கிற குளிர். அம்மாவுக்குச் சர்க்கரை, ஆறரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட்டாக வேண்டும். தங்கமணி காலையில் கட்டிய மிளகாய்ப்பொடி இட்லி நாலு மிச்சம் இருந்ததோ, பிழைத்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயசில் என்னை நம்பி மூவாயிரம் கிலோமீட்டர் வந்த மனுஷன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு 'சுமோ' வந்தது. இந்தப் பக்கத்தில் ஷேர் டாக்ஸி எதுவானாலும் பெயர் சுமோதான். டாடா சுமோ தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது, பெயர் நிற்கவில்லை. வந்தது பொலேரோ. டிரைவருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். டார்ச் அடித்து என் டயரைப் பார்த்தார். ரிம் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார். பிறகு தன் வண்டிக்குப் போய் அதேபோல அளந்து காட்டினார். ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியம்: "சார், உங்க டயர்ல டயரே இல்லையே."

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பொலேரோவுக்கு 215/75 R15. பக்கச்சுவர் 161. என் சக்கரம் மொத்தத்தில் பொலேரோ சக்கரத்தைவிட 35 மில்லிமீட்டர் பெரிசு. ரப்பரோ 20 மில்லிமீட்டர் குறைச்சல். என் வண்டியின் விலையில் ரெண்டு பொலேரோ வாங்கலாம் என்பதைத் தங்கமணி நினைவூட்டினாள்.

அந்தத் தம்பி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திராங்கில் விட்டார். நான் இரவு வண்டியிலேயே கிடந்தேன். குவாஹாட்டியில் டயர் வாங்கி, சுமோ கவுன்ட்டர் மூலமாக ஏற்றி அனுப்பி, மாட்டி முடிக்க ரெண்டு நாள். அப்பா அம்மா பார்த்த அருணாச்சலம் அந்த ஹோட்டல் ஜன்னலில் தெரிந்த அளவுதான்.

என்ன நடக்கிறது என்றால், பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டயர் நசுங்குகிறது. நசுங்க இடம் இருக்கிற வரை அடியைக் காற்று வாங்கிக்கொள்ளும். இடம் தீர்ந்ததும் ஒரு பக்கம் ரிம், ஒரு பக்கம் கல், நடுவில் ரப்பர். அரிவாள்மனையில் வைத்த மாதிரிதான். வெட்டவில்லை என்றாலும் உள்ளே இருக்கிற நூல் அறுந்து, பக்கத்தில் கட்டி மாதிரி வீங்கும். நடுப்பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் போடலாம், பக்கச்சுவர் போனால் புது டயர்தான். அடி பலமாக விழுந்தால் அலாய் ரிம் விரிசல் விடும். ஸ்டீல் ரிம் வளையும், சின்ன ஊரிலும் தட்டி நிமிர்த்திவிடுவார்கள்.

பெரிய ரிம்முக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. உள்ளே பெரிய பிரேக் டிஸ்க் வைக்க இடம் கிடைக்கும். வேகமாக வளையும்போது டயர் ஆடாது. நாலு வழிச் சாலையிலேயே ஓட்டுகிறவர்கள் தாராளமாக 18 எடுங்கள். சக்கரம் பெரிசானால் பள்ளத்தில் ஏறி இறங்குவது சுலபம் என்பதும் சரிதான். ஆனால் அது டயரோடு சேர்ந்த மொத்த விட்டத்தின் புண்ணியம், ரிம்முடையது இல்லை.

அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரடுமுரடு ரோடு என்றதும் யானைக்கால் மாதிரி அகல டயர் போட நண்பர்கள் யோசனை சொல்வார்கள். மணலுக்கு அது சரி. மேலே சேறும் அடியில் கெட்டித் தரையுமாக இருக்கிற மலை ரோட்டில், கொஞ்சம் ஒடுங்கிய டயர்தான் சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டியைப் பிடிக்கும். ஜிம்னிக்கு 195/80 R15 என்று ஒல்லியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். பக்கச்சுவர் 156. அந்தக் குட்டி வண்டிக்கு என்னைவிட ரப்பர் அதிகம்!

திரும்பி வந்ததும் நாலு 18-ஐயும் கழற்றி விற்றேன். கீழ் வேரியன்டுக்குக் கம்பெனி கொடுக்கிற அதே 17 இஞ்ச் ஸ்டீல் ரிம், அதே 235/65 டயர். ரெண்டு வேரியன்டுக்கும் பிரேக் ஒன்றேதானா என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கினேன். டயரின் சுமை எண்ணையும் பார்த்தேன். பழையது 103, அதாவது ஒரு டயர் 875 கிலோ தாங்கும். புதியது 104, 900 கிலோ. இது குறையவே கூடாது. 16 இஞ்சுக்குக்கூட இறங்கலாம் என்று ஒருவர் சொன்னார். கம்பெனி என் மாடலுக்குச் சொல்லாத அளவு என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், அதையொட்டி 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கின்றன. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான். நான் மாற்றியதை இன்ஷூரன்ஸுக்கு மெயிலில் தெரிவித்து, பதிலையும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். மேனேஜர் புத்தி.

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று. வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பைசா கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதி. தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் டயருக்குப் பாதுகாப்பு. என் ரெண்டு டயரும் என் பாக்கெட்டிலிருந்துதான் போயின.

ஸ்டெப்னி விஷயத்திலும் ஷோரூமிலேயே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், ஒட்டுப்போடும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதியை மாற்றிவிட்டார்கள். ஆணி ஏறினால் அந்தப் பசை உதவும். ரெண்டு விரல் வெட்டுக்கு என்ன செய்யும்?

போன வாரம் இட்டாநகரிலிருந்து நம்ம மதுரைக்காரர் போன் செய்தார். அவரும் பேங்க்தான். வண்டி புக் செய்யப் போகிறாராம். "சார், டாப் மாடல் நாளைக்கே தர்றாங்களாம். 17 இஞ்ச் வர்ற மாடலுக்கு ரெண்டு மாசம் வெயிட்டிங்ங்கிறாங்க. என்ன பண்றது?" வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மாமியார், ரெண்டு சின்னக் குழந்தைகள் என்றார்.

"ரெண்டு மாசம் சுமோவுலயே போங்க சார்" என்றேன்.

டிஸ்கி: புது ஸ்டீல் ரிம்மோடு போட்டோ போட்டேன். சித்தப்பா பையன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை :-)