குரோமோசோம் உடைந்துவிடுமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். இப்போது மூன்றாவது மாதம். கணவர் நல்ல மனிதர், சிகரெட் மட்டும் உண்டு. அவர் ஒரு நாள் மனசு விட்டுப் பேசும்போது, காலேஜ் ஹாஸ்டலில் நண்பர்களோடு சேர்ந்து இரண்டு மூன்று தடவை எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தை நாக்கில் வைத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறதாம். இவர் அதை ஓரகத்தியிடம் சொல்லப்போக, "ஐயையோ, அது குரோமோசோமையே உடைச்சிடுமாமே! பிள்ளை கை கால் விளங்காம பொறக்குமாமே!" என்று அவர் எங்கோ படித்ததைச் சொல்லி, இவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார். "ராத்திரி தூக்கமே இல்லை டாக்டரம்மா. யாருக்கும் தெரியாமல் கலைத்துவிடலாமா என்று தோன்றுகிறது" என்று கடிதம் முடிகிறது.

கலைக்க வேண்டாம் அம்மா. இந்தக் காரணத்துக்காக வேண்டவே வேண்டாம். பத்திரிகை வரும்வரை நீங்கள் தவித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தபாலிலும் பதில் போட்டுவிட்டேன். மற்ற வாசகிகளுக்கும் உபயோகப்படும் என்பதால் விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஓரகத்தி கட்டுக்கதை சொல்லவில்லை. ஒரு காலத்தில் உலகமே அப்படித்தான் பயந்தது. 1967 மார்ச்சில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' பத்திரிகையில் மைமன் கோஹன் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து அதில் எல்.எஸ்.டி.யைச் சேர்த்துப் பார்த்தோம், குரோமோசோம்கள் அதிகமாக உடைந்திருந்தன என்றார்கள். முன்பு இந்த மருந்தைப் பலமுறை சிகிச்சையாகப் பெற்ற ஒரு மனநோயாளியின் ரத்தத்திலும் உடைசல் அதிகம் என்றார்கள். அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. தாலிடோமைட் என்ற மாத்திரையால் கை கால் குறைந்து பிறந்த குழந்தைகளின் படங்கள் ஜனங்கள் மனசிலிருந்து மறையாத சமயம் அது. 1961-ல்தான் அந்த மாத்திரையை ஜெர்மனியில் நிறுத்தியிருந்தார்கள். பயம் பற்றிக்கொள்ளக் கேட்பானேன்!

குரோமோசோம் என்பது என்ன? நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும் 46 நூல் துண்டுகள் மாதிரி இருக்கின்றன. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. மூக்கு நீளமா, முடி சுருட்டையா என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது. இந்த நூல் அவ்வப்போது அறுவதும், உடம்பே அதை முடிச்சுப் போட்டுச் சரிசெய்துகொள்வதும் நம் எல்லாருக்குள்ளும் நடப்பதுதான். எக்ஸ்ரே பட்டால் உடையும். அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலில் உடையும். குப்பியில் வளர்த்த அணுக்கள் மேல் காபியில் இருக்கும் காஃபீனை நிறையச் சேர்த்தால்கூட உடையும். அதற்காகக் காலைக் காபியை யாராவது விட்டோமா?

குப்பிக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குப்பியில் மருந்து அணுக்களின் மேலேயே மணிக்கணக்கில் கிடக்கிறது. உடம்பில் ஈரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. எல்.எஸ்.டி. சாப்பிடும் அளவோ கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கோஹன் பார்த்த நோயாளி வேறு மருந்துகளும் சாப்பிட்டு வந்தவர்.

பிறகு நிதானமானவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஜோ ஹின் ஜியோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜாவாவில் பிறந்தவர். மனிதனுக்குக் குரோமோசோம் 48 என்று எல்லாரும் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, 1955-ல் ஸ்வீடனில் உட்கார்ந்து பொறுமையாக எண்ணி, 46-தான் என்று சொன்னவர். அவரும் சகாக்களும் சிகிச்சைக்காக எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டவர்களின் ரத்தத்தை, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று 1969-ல் எழுதினார்கள். 1971-ல் டிஷாட்ஸ்கி என்பவரும் இன்னும் மூவரும் அதுவரை வந்த 68 ஆராய்ச்சிகளையும் நோயாளிக் குறிப்புகளையும் சேர்த்து அலசினார்கள். சுத்தமான மருந்தை டாக்டர் கையால் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத்தான் உடைசல் அதிகம். தெருவில் வாங்கிச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதிகம். தெருச் சரக்கில் என்ன கலந்திருந்ததோ! அந்த ஆட்கள் வேறு போதைகளும் பழகியவர்கள், சாப்பாடும் சரியில்லாதவர்கள். ஆகவே, மிதமான அளவில் சுத்தமான எல்.எஸ்.டி. குரோமோசோமைக் கெடுப்பதில்லை என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவு வந்த பத்திரிகையும் அதே 'சயன்ஸ்'தான். ஆனால் பயமுறுத்திய செய்தி ஓடிய வேகத்தில் ஆறுதல் செய்தி ஓடவில்லை.

வடக்கு மெக்ஸிகோவில் ஹுயிசோல் என்று ஒரு பழங்குடி மக்கள். தலைமுறை தலைமுறையாகப் பெயோட்டே என்ற மயக்கக் கள்ளியைச் சாமி காரியத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள். 1975-ல் அவர்கள் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். அதைச் சாப்பிடாதவர்களைவிட உடைசல் அதிகமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆண் உடம்பில் விந்தணு முற்றி வெளிவர ஏறக்குறைய இரண்டரை மாதம். ஆறு வருஷத்துக்கு முன்பு இருந்த அணு எதுவும் இப்போது இல்லை. ஆக, அந்த ஹாஸ்டல் கதை இந்தக் குழந்தையைத் தொடும் என்று பயப்பட ஆதாரம் கிடையாது. அந்த சிகரெட்தான் எனக்கு உறுத்துகிறது! புகை விந்தணுவைக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட அதிக ஆதாரம் இருக்கிறது. அவர் விடும் புகை இப்போது உங்களுக்கும் ஆகாது. ஓரகத்தியிடம் சொல்லி அதை நிறுத்தச் சொல்லுங்கள், கெட்டிக்காரியாகத் தெரிகிறார்.

அதற்காக இந்த மருந்துக்கு நான் சர்டிபிகேட் கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். குரோமோசோம் தப்பித்தாலும் மனசு தப்பிக்க வேண்டுமே. திடீர்ப் பீதியில் மாடியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. குடும்பத்தில் மனநோய் இருந்தால் அதைக் கிளப்பிவிடும். எல்.எஸ்.டி. என்று சொல்லி வேறு ரசாயனத்தைக் காகிதத்தில் தடவி விற்று, அதனால் செத்தவர்களும் உண்டு. நம் நாட்டில் 1985-ஆம் வருஷச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். வயிற்றில் குழந்தையோடு இருப்பவள் தொடவே கூடாது. இந்த மருந்து எர்காட் என்ற பூஞ்சைக் காளானின் வம்சம். பிரசவமானதும் கருப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்காகப் போடுகிறோமே மெதர்ஜின், அதுவும் அதே வம்சம்தான். இரண்டையும் உண்டாக்கியவர் ஸ்விட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன்.

யார் பெற்றாலும், எந்தத் தப்பும் செய்யாமல் இருந்தாலும், நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கத்தான் செய்கிறது. அதனால் எல்லாரையும் போல நீங்களும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். பதினெட்டிலிருந்து இருபதாவது வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை தேவையா என்று உங்கள் லேடி டாக்டரே சொல்வார். அவரிடம் கணவர் விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், வெளியே போகாது. இப்போதும் அவர் எதையாவது தொடுகிறாரா என்று ஒரு தடவை நேராகக் கேட்டுவிடுங்கள். தானாக வந்து சொன்ன மனுஷர், உண்மையைத்தான் சொல்வார்.

கால் வீக்கம் பற்றிக் கேட்டிருக்கும் திண்டுக்கல் சகோதரிக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை காத்திருக்காமல் பி.பி. மட்டும் பார்த்துவிடுங்கள்.