அப்பாயிக்கு ஒரு டிக்கெட்!

கோத்தகிரிக்காரங்களுக்கு மே மாசம் வந்தா ஒரு விஷயம் நிச்சயம்... சொந்தக்காரங்க எண்ணிக்கை திடீர்னு டபுளாகிடும்! வருஷம் பூரா ஒரு போன்கூடப் பண்ணாத ஒண்ணுவிட்ட சித்தப்பா, கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் கூப்பிட்டு, 'அங்கே குளிரு எப்படி?'ன்னு விசாரிப்பார். கேள்வி குளிரைப் பத்தி இல்ல பாஸ்... எங்க வீட்டுல எத்தனை கம்பளி இருக்குங்கிறதைப் பத்தி!

2025 சீசனும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. செமஸ்டர் முடிஞ்சு கோயம்புத்தூர்ல இருந்து பஸ் ஏறி, வீட்டுல பையை இறக்கி வைக்கிறேன்... வாசல்ல திருப்பூர் அத்தையோட கார். அத்தை, மாமா, ரெண்டு வாண்டுகள். மலைக்கு வர்ற வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாசம் இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரல்ல 'வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டிதான்'னு கணக்கும் வந்தது. ஆனா, சொந்தக்காரங்களுக்கு ஒரு கணக்கும் கிடையாதே! டி.என்.43 நம்பர் வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லைங்கிற ஒரே கெத்துல மாமாவை நான் ரெண்டு நாள் ஓட்டித் தள்ளினேன்.

அப்புறமென்ன... தினம் ஒரு கொண்டாட்டம்தான். நேரு பூங்காவுல காய்கறிக் கண்காட்சி. கேரட், பீட்ரூட், குடமிளகாய்ல செஞ்ச உருவங்களைப் பார்த்து ஊரே செல்போனைத் தூக்க, எங்க அம்மா மட்டும் 'கிலோ என்ன விலை விக்குது, இப்படிக் குத்தி வெச்சிருக்காங்களே!'ன்னு ஆதங்கப்பட்டாங்க. மறுநாள் கன்னேரிமுக்கு சல்லிவன் பங்களா. 1819-ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து தங்கின இடம். 'கோயம்புத்தூர் வெயிலுக்குப் பயந்து மேலே ஓடி வந்த முதல் சொந்தக்காரர் இவர்தான்'னு நான் விளக்கம் கொடுக்க, மாமா முறைச்சார். அடுத்தது கேத்தரின் அருவி. அதுக்கடுத்து கோடநாடு காட்சிமுனை. அங்கேயிருந்து கீழே பார்த்தா மாயாறு ஒரு வெள்ளிக் கம்பி, தெங்குமரஹாடா கிராமம் ஒரு பச்சைக் கட்டம். நடுவுல சின்ன வாண்டுக்கு ஆறாவது பொறந்தநாள். கேக்குல பாதி அவன் மூஞ்சியில, மீதி என் சட்டையில!

எல்லா ஆல்பத்தையும் புரட்டிப் பார்த்தா ஒரே ஒரு ஆள் மிஸ்ஸிங். எங்க அப்பாயி.

டூர் கிளம்பற அன்னிக்கு எல்லாரையும்விட சீக்கிரம் எந்திரிக்கிறது அப்பாயிதான். ரொட்டி தட்டி, தேங்காய் சம்பல் அரைச்சு, ஃபிளாஸ்க்ல 'தேத்தண்ணி' ஊத்தி, வண்டியில ஏத்திவிட்டு வாசல்ல நின்னு கையாட்டும். 'நீயும் வாயேன்'னா, ரெடிமேட் பதில் ஒண்ணு இருக்கு... 'கால் வலிக்கும் கண்ணு. நீங்க போயிட்டு வாங்க.'

முப்பது வருஷத்துக்கு மேல கூடையை முதுகுல மாட்டி தேயிலைச் சரிவுல ஏறி இறங்கின காலு அது. இப்பவும் ரேஷன் கடைக்கு நடந்தே போயிட்டு, என்னைவிட வேகமாத் திரும்பி வரும். அந்தக் காலுக்கு டூர்னா மட்டும் எப்படிங்க வலி வரும்?

இந்த நேரத்துலதான் அப்பா ஒரு காரியம் பண்ணினார். குன்னூர் டு ஊட்டி மலை ரயிலுக்கு எட்டு டிக்கெட்! வாண்டுகள் வீட்டைத் தலைகீழாக்கிருச்சுங்க. நான் விரல் விட்டு எண்ணினேன். அத்தை குடும்பம் நாலு, நாங்க மூணு. எட்டாவது யாருக்கு?

'எனக்கு வேணாம்'னு சமையக்கட்டுல இருந்து சத்தம் வந்துச்சு. எப்பவும் வர்ற குரல் இல்ல அது. கோபமும் இல்ல. அன்னிக்கு ராத்திரி அடுப்புப் பக்கத்துல போய் உட்கார்ந்து கேட்டேன். 'நெசமாவே கால் வலியா அப்பாயி?'

ரொம்ப நேரம் கழிச்சு, 'கோச்சியில நான் ஏறமாட்டேன் கண்ணு'ன்னு சொல்லுச்சு.

இலங்கை மலையகத் தமிழ்ல கோச்சின்னா ரயில். அப்பாயி பொறந்தது நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. அங்கேயும் சீசன் உண்டு, ஏப்ரல்ல. குதிரைப் பந்தயம் பார்க்க கொழும்புல இருந்து கார் காரா வருமாம். தோட்டத்துப் புள்ளைங்க ரோட்டோரம் நின்னு வேடிக்கை பார்ப்பாங்களாம். அங்கேயும் கையாட்டத்தான் வேலை!

1964 அக்டோபர்ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கையில இருந்த சுமார் 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. பேப்பர்ல பார்த்தா சாதாரண வகுத்தல் கணக்கு. அப்பாயி வீட்டுல அந்தக் கணக்கு இப்படி முடிஞ்சுது... அப்பா, அம்மா, அப்பாயி, ரெண்டு தம்பிங்க இந்தியாவுக்கு. கல்யாணமான அக்கா, புருஷன் வீட்டோட இலங்கையில!

1973-ல அப்பாயிக்கு 17 வயசு. நானுஓயா ஸ்டேஷன்ல ரயில் நிக்குது. பிளாட்பாரத்துல இருக்கிறவங்களும் அழறாங்க, பெட்டிக்குள்ள இருக்கிறவங்களும் அழறாங்க. அந்த மாதிரி ரயில்களுக்கு மலையகத்துல பேரே 'ஒப்பாரிக் கோச்சி'. ஜன்னல் கம்பி வழியா அக்கா கையைப் பிடிச்சிருந்துச்சாம். 'வண்டி நகர நகர அவளும் கூடவே நடந்தா. அப்புறம் ஓடினா. அப்புறம் கை விட்டுப் போச்சு.' தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், மறுபடி ரயில், கடைசியில பஸ் பிடிச்சு இந்த மலை. தாயகம் திரும்பினவங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல அரசாங்கம் ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டத்துல, அதான் இப்போ நாம 'டான்டீ'ன்னு சொல்றோமே... அங்கே பேர் பதிஞ்சு கூடை வாங்கிருச்சு. அதுக்கப்புறம் 52 வருஷமா ரயில்ல கால் வைக்கல.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல ஃப்ரெண்ட்ஸ். 'வற்புறுத்த வேணாம்பா'ன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். டிக்கெட்டை கேன்சல் பண்ணல.

காலையில பார்த்தா, அப்பாயி பட்டுப் புடவையில நிக்குது. 'பொடியன் ராத்திரி பூரா அழுதான். நான் வராட்டி அவனும் போகமாட்டானாம்.'

குன்னூர் ஸ்டேஷன்ல அப்பாயி கை என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. டென்ஷனைக் குறைக்க நானும் என் இன்ஜினீயரிங் மூளையை அவுத்து விட்டேன். 'மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-ல போட்டது அப்பாயி. கல்லாறுக்கு மேலே 12 அடி போனா 1 அடி ஏத்தம். சக்கரம் வழுக்கிடும்னு தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச பட்டை, இன்ஜின்ல பல் சக்கரம். குன்னூருக்கு மேலே அது தேவையில்ல. ஊட்டி வரைக்கும் வந்தது 1908-ல. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக்குனது 2005-ல...'

'வாயை மூடிட்டு ஏறு கண்ணு'ன்னுச்சு அப்பாயி.

வண்டி நகர்ந்துச்சு. வெலிங்டன், அரவங்காடு... அப்பாயி குனிஞ்ச தலை நிமிரல. ஜன்னல் பக்கமே திரும்பல. தப்புப் பண்ணிட்டோமோன்னு அம்மா என்னைப் பார்க்கறாங்க, நான் அப்பாவைப் பார்க்கறேன். அப்போ ஒரு குகை வந்துச்சு. பெட்டி முழுக்க இருட்டு. மலை ரயில்ல போனவங்களுக்குத் தெரியும்... குகை வந்தா மொத்தப் பெட்டியும் 'ஊ...'ன்னு கத்தும். குட்டீஸ், காலேஜ் பசங்க, எங்க மாமா உட்பட!

அப்பாயி கை நடுங்கினது எனக்குத் தெரிஞ்சுது. வெளிச்சம் வந்ததும் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாப் பார்த்துச்சு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. பொடியன் மடியில ஏறி நின்னு, 'அம்மாயி, அடுத்த குகையில நீயும் கத்தணும்'னு ஆர்டர் போட்டான்.

அடுத்த குகையில அப்பாயி கத்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல. இருட்டு. மாமா சத்தத்துல வேறெதுவும் கேட்கல. ஆனா லவ்டேல் வரும்போது ஜன்னல் ஓரம் என் சீட்டு இல்ல... அப்பாயி சீட்டு. வெளியே கேரட் தோட்டத்துல வேலை பார்த்துட்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து கையாட்டினாங்க. இந்தத் தடவை வண்டிக்குள்ள இருந்து திரும்பக் கையாட்டினது எங்க அப்பாயி!

ராத்திரி வீட்டுக்கு வந்ததும், 'அக்காவுக்குப் போட்டுக் கொடு'ன்னு செல்லை நீட்டுச்சு. வாட்ஸ்அப் வீடியோ கால். நுவரெலியா பக்கத்துல இருந்து ஸ்வெட்டர் போட்ட பெரிய அப்பாயி, திரையில நெத்தி மட்டும்தான் தெரியுது.

'அக்கா, இன்னிக்குக் கோச்சியில போனேன்.'

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நெட்வொர்க் போயிருச்சோன்னு போனைத் தட்டினேன். போகல.

'அழுதியாடி?'

'இல்லக்கா. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க.'

நான் மெதுவா வெளியே வந்துட்டேன். அவங்க ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.

ஃப்ரெண்ட்ஸ், அடுத்த லீவுல டூருக்கு வண்டி கிளம்பும்போது, வாசல்ல நின்னு கையாட்டறது யாருன்னு திரும்பி ஒரு தடவை பாருங்க. 'கால் வலி'ன்னு சொன்னா, அன்னிக்கு ராத்திரி பக்கத்துல போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை கேளுங்க!